‘தெருவே கெட்டுக் கிடக்கிறது, ஊருக்கே திரும்பிவிடட்டுமா?’

கேள்வி:

வணக்கங்க மேடம். எனக்கு வயது 24. சென்னிமலைக்கும் காங்கயத்துக்கும் நடுவில் ஒரு கிராமம். வீட்டுக்கு ஒரே பையன். எங்கள் வீட்டில் டிவி கிடையாது. கல்லூரிக்கும் ஊரிலிருந்தே பஸ்ஸில் போய் வந்தேன். டூர் எதற்கும் அனுப்பியதில்லை. சஷ்டி, கிருத்திகை விரதம் தவறியதில்லை. வருடா வருடம் தைப்பூசத்துக்கு அப்பாவோடு பழனிக்கு நடந்து போவேன். எட்டு மாதத்துக்கு முன் சரவணம்பட்டியில் ஐடி வேலை கிடைத்தது. சத்தி ரோட்டுக்கு உள்ளே ஒரு சைட்டில், மாடி போர்ஷனில் நானும் இன்னும் இரண்டு பேரும் இருக்கிறோம்.

இங்கே பார்ப்பதை எழுதவே கை கூசுகிறது. ரூமில் வெள்ளிக்கிழமை ஆனால் குடி. ஒருவன் போனில் ரம்மி ஆடிப் பணத்தை எல்லாம் விட்டுவிட்டு என்னிடம் நாற்பதாயிரம் கேட்கிறான். எதிர் வீட்டில் கல்யாணம் ஆகாத ஆணும் பெண்ணும் சேர்ந்து குடியிருக்கிறார்கள். எங்கள் டீம் லீட் அக்கா டீக்கடையில் நின்று சிகரெட் பிடிக்கிறார். எல்லாவற்றையும் விட அந்த நாலாவது வீட்டு அங்கிள். பாதயாத்திரைக் குழு நடத்துகிறவர், நெற்றி நிறையத் திருநீறு. செவ்வாய், வியாழன் ராத்திரி 9.40க்கு அவர் வண்டி கடைசி வீட்டு வாசலில் நிற்கும். 11.15 தாண்டித்தான் எடுப்பார். அந்த வீட்டுப் பெண்ணின் கணவர் வெளிநாட்டில் இருக்கிறார். மொட்டைமாடியிலிருந்து ஐந்து வீடியோ எடுத்து வைத்திருக்கிறேன். தெரு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிடட்டுமா?

இந்தத் தெருவில் கோயில் மாதிரி இருப்பது எங்கள் ஹவுஸ் ஓனர் அம்மா வீடு ஒன்றுதான். பிரதோஷம் தவறாமல் பிரசாதம் கொடுத்தனுப்புவார்கள். ஒத்தாசைக்கு ஒரு சின்னப் பிள்ளையை வைத்திருக்கிறார்கள், பதினொன்று பன்னிரண்டு வயது இருக்கும், ஏதோ மலைக்கிராமமாம். ஐந்து மணிக்கே வாசல் தெளித்து, கோலம் போட்டு, காரையும் துடைத்துவிடும். அதைப் பார்த்தால்தான் மனசுக்கு நிம்மதி.

எனக்கும் தீட்டு ஒட்டிக்கொண்ட மாதிரி இருக்கிறது. ஆபீஸிலிருந்து வந்ததும் குளிக்கிறேன். சாமி கும்பிடும் முன் ஒரு தடவை. பாதியில் கெட்ட எண்ணம் வந்தால் மறுபடியும். கவசத்தில் ஒரு வரி தப்பினால் முதலிலிருந்து சொல்கிறேன். ஊருக்குத் திரும்பிவிடலாமா என்று சாமியிடம் பூப்போட்டு உத்தரவு கேட்டேன், வெள்ளை வந்தது, போகலாம் என்று. சரியாகத்தான் கேட்டேனா என்று சந்தேகமாகி மறுவாரம் கேட்டேன், சிவப்பு. மூன்றாவது தடவை வெள்ளை. நான் என்ன செய்யட்டுங்க?

— ஒரு வாசகர், கோவை

பதில்:

தம்பி, பூவிலிருந்தே ஆரம்பிக்கிறேன். பூப்போட்டுக் கேட்பது நம் பக்கம் புதிதில்லை. பெண் எடுக்க, கிணறு வெட்ட, நோம்பி சாட்ட, எல்லாவற்றுக்கும் கேட்கிற ஊர் நாம். உங்கள் ஊருக்குப் பக்கத்துச் சிவன்மலையில் உத்தரவுப் பெட்டி இருக்கிறதே, பக்தர் கனவில் வந்த பொருளை அதில் வைக்கலாமா என்றும் பூ கேட்டுத்தான் முடிவு செய்கிறார்கள். கேட்டார்கள், விழுந்தது, வைத்தார்கள். அடுத்த உத்தரவு வரும்வரை அந்தப் பொருள் அங்கேயே இருக்கும். நேற்று விழுந்த பூ சரிதானா என்று மறுநாள் இன்னொரு பூ போட்டுப் பார்ப்பதில்லை. நீங்கள் மூன்று தடவை கேட்டிருக்கிறீர்கள். நாலாவது தடவை கேட்டால் அதன் மேலும் சந்தேகம் வரும். இது பக்தி குறைந்ததால் வருகிற சந்தேகம் இல்லை, வேறு ஒன்று.

குளியலையும் கவசத்தையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். எண்ணம் வருகிறது, பதறுகிறது, குளிக்கிறீர்கள், பத்து நிமிடம் நிம்மதி. அந்தப் பத்து நிமிட நிம்மதிதான் கண்ணி. அது கிடைப்பதால் அடுத்த முறை எண்ணம் வந்ததும் மூளை குழாயடிக்கு ஓடச் சொல்கிறது. ஓடஓட எண்ணமும் கூடுகிறது. எண்ணச் சுழல் நோய் என்கிற ஓசிடி, பக்தி உள்ளவர்களிடம் பல சமயம் பக்தி வேஷத்திலேயே வரும். ஆங்கிலத்தில் இதற்கு ‘ஸ்க்ரூபுலாசிட்டி’ என்று தனிப் பெயரே உண்டு. அதன் வேரான லத்தீன் சொல்லுக்குச் சின்னக் கூர்ங்கல் என்று பொருள். பழனிக்கு வெறுங்காலில் நடந்தவருக்கு அந்தக் கல்லைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு கடிதத்தை வைத்துக்கொண்டு உங்களுக்கு நோய்ப்பெயர் ஒட்ட மாட்டேன். ஒரு வாரம் மட்டும் கணக்கு எழுதுங்கள். இந்தக் குளியல், திரும்பச் சொல்லுதல், சரிபார்த்தல் எல்லாம் சேர்ந்து நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் தின்கிறது என்றாலோ, ஆபீஸுக்கு லேட்டாகிறது என்றாலோ ஒரு மனநல மருத்துவரையோ உளவியலாளரையோ நேரில் பாருங்கள். 14416, டெலிமானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், இலவசம், தமிழிலேயே பேசலாம், எந்நேரமும். சிகிச்சையில் யாரும் உங்களைச் சாமி கும்பிடாதே என்று சொல்ல மாட்டார்கள். கவசத்தில் வரி தப்பினால் தப்பட்டும் என்று விட்டுவிட்டு மேலே போகப் பழக்குவார்கள். எழுதும்போது சுலபமாகத் தெரிகிறது. முதல் நாள் கை நடுங்கும். பதற்றம் ஏறும், கொஞ்ச நேரம் அங்கேயே நிற்கும், அப்புறம் தானாக இறங்கும். குளிக்காமலே இறங்கும் என்பதை உடம்பு ஒரு தடவை கற்றுக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. தேவைப்பட்டால் மாத்திரையும் உண்டு. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அதற்கு முன்னால், ஊருக்குப் போகும்போது உங்கள் கோயில் பூசாரியை ஒரு கேள்வி கேளுங்கள்: ஒரு வரி தப்பினால் முதலிலிருந்து சொல்ல வேண்டும் என்று யார் சொன்னது? அவரே சிரிப்பார் என்று நினைக்கிறேன்.

சரி, தெருவுக்கு வருவோம்.

நான் கல்லூரியில் படித்தபோது சத்தி ரோட்டில் பஸ்ஸில் போனால் இரண்டு பக்கமும் சோளக்காடு. சரவணம்பட்டி மாநகராட்சியோடு சேர்ந்ததே 2011இல்தான். அந்தக் காட்டைச் சைட் போட்டு விற்றார்கள், எங்கெங்கிருந்தோ வந்தவர்கள் வீடு கட்டினார்கள். அங்கே யாரும் இன்னாருடைய மகன், இன்னாருடைய பேத்தி இல்லை. உங்கள் ஊரில் நீங்கள் தடம் மாறினால் தகவல் உங்களுக்கு முன்னால் வீட்டுக்குப் போயிருக்கும். நாலு பேர் பார்ப்பார்கள், அந்த நாலு பேரை நினைத்துத்தான் நாமெல்லாம் ஒழுங்காக இருந்தோம். இங்கே அந்த நாலு பேர் இல்லை. அதனால் அந்த வேலையையும் நீங்கள் ஒருத்தரே எடுத்துப் பார்க்கிறீர்கள், அதுவும் ராத்திரி ஷிப்டில். தூக்கம் எப்படி வரும் தம்பி?

டீம் லீட் அக்காவின் சிகரெட் அவருடைய நுரையீரலுக்குக் கெடுதல். அதற்கு மேல் அதில் எழுத எனக்கு ஒன்றும் இல்லை. அவர் உங்களுக்கு வேலை கற்றுத் தருகிறாரா, தப்பு செய்தால் மேலிடத்தில் காட்டிக் கொடுக்கிறாரா, தாங்கிப் பேசுகிறாரா? எட்டு மாதம் அவர் கீழே இருக்கிறீர்கள், அதைப் பற்றி ஒரு வரி இல்லை. எதிர் வீட்டு ஜோடி வயது வந்தவர்கள். சட்டப்படி குற்றமில்லை. உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் நீங்கள் அப்படி வாழாமல் இருந்துகொள்ளலாம், அந்த உரிமையை யாரும் உங்களிடமிருந்து பறிக்கவில்லை.

ரூம் நண்பருக்கு நாற்பதாயிரம் கொடுக்காதீர்கள். கஞ்சத்தனமாக இருக்கச் சொல்லவில்லை. அந்தப் பணம் கடனை அடைக்கப் போகாது, விட்டதைப் பிடிக்கப் போகும். பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்து 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டமே கொண்டு வந்துவிட்டது, ஆனால் சட்டம் வந்த அன்று பழக்கம் போய்விடுவதில்லை. அவர் உங்களைக் கேட்கும் அளவுக்கு வந்திருக்கிறார் என்றால் வேறு யார் யாரிடமோ கேட்டு முடித்திருப்பார். அவரோடு உட்கார்ந்து மொத்தக் கடன் எவ்வளவு என்று ஒரு தாளில் எழுத வையுங்கள். அவருடைய அண்ணனிடமோ அப்பாவிடமோ பேசும்போது கூட இருங்கள். ‘செத்தால் தேவலை’ என்கிற மாதிரி ஒரு வார்த்தை வாயில் வந்தால் அதை விளையாட்டாக எடுக்காதீர்கள், அன்றைக்கே 14416. கடிதத்தில் இவரைக் குடிகாரர்களோடு சேர்த்து ஒரே மூட்டையில் கட்டியிருந்தீர்கள். இவர் உங்களிடம் உதவி கேட்டிருக்கிறார். அதைப் பிரித்துப் பாருங்கள்.

இப்போது அங்கிள்.

முதலில் அந்த ஐந்து வீடியோவையும் அழித்துவிடுங்கள். கேலரியில் அழித்தால் போதாது, குப்பைத் தொட்டி போல்டரிலும் இருக்கும். குரூப்பில் போட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்கிறேன். அங்கிள் ஒரு மாதம் தலை குனிந்து நடப்பார். அடுத்த தைப்பூசத்துக்கு மறுபடியும் பச்சைத் துண்டு கட்டிக் குழு நடத்துவார். அந்த வீடியோ அந்தப் பெண்ணின் கணவருக்கும் மாமியார் வீட்டுக்கும் போய்ச் சேர ஐந்து நிமிடம் ஆகாது. அவளுக்கு அந்தத் தெரு மட்டுமில்லை, பிறந்த வீடும் போய்விடும். உள்ளே என்ன நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. தெரிந்தது வாசலில் நின்ற வண்டி. நீங்கள் சந்தேகப்படுகிறதே நிஜமாக இருந்தாலும், கணவன் மனைவிக்குள் அது பெரிய துரோகம், விவாகரத்து வரை போகலாம். ஆனால் அதைக் குற்றமாக வைத்திருந்த சட்டப் பிரிவை உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரிலேயே ரத்து செய்துவிட்டது. கேட்க வேண்டியவர்கள் அவர்கள் வீட்டுக்காரர்கள். மாடி போர்ஷன்காரர் இல்லை.

நீங்கள் தினம் சொல்லும் கவசம், சென்னிமலையில் அரங்கேறியது என்று உங்கள் பக்கம் பெருமையாகச் சொல்வார்களே, அந்தக் கந்த சஷ்டி கவசம்தானே? அதில் கண், செவி, நாக்கு, கழுத்து என்று ஒவ்வொரு உறுப்பாகக் காக்கச் சொல்லி வேண்டுகிறோம். எல்லாம் நம்முடைய உறுப்பு. அடுத்தவர் வாசலில் நிற்கும் வண்டி அந்தப் பட்டியலில் வராது.

இன்னொன்று, கோபித்துக்கொள்ளக் கூடாது. 9.40, 11.15 என்று நிமிடக் கணக்காக எழுதியிருக்கிறீர்கள். செவ்வாயும் வியாழனும் மொட்டைமாடி இருட்டில் ஒன்றரை மணி நேரம் நிற்பது வெறும் கோபத்தால் மட்டும் முடியுமா? உங்களுக்கு 24 வயது. ஆண் பெண் விஷயத்தைப் பற்றி ஒரு மனிதரிடமாவது வாய்விட்டுப் பேசியிருக்கிறீர்களா என்று சந்தேகமாக இருக்கிறது. ஆர்வம் வரும், ஆசை வரும், அருவருப்பும் கூடவே வரும். மூன்றும் ஒரே சமயத்தில் வரும்போது எது எது என்று பிரிக்கத் தெரியாமல் குளிக்கப் போய்விடுகிறீர்கள். நீங்கள் மோசமான பிள்ளை என்று நான் சொல்லவே இல்லை. அந்த வயதில் அது வராவிட்டால்தான் என்னிடம் வேறு கேள்வியோடு வருவார்கள். பேச ஒரு ஆள் தேடுங்கள். கல்யாணமான ஒரு அண்ணனோ, மச்சானோ, கேலி பண்ணாத ஒருத்தர்.

அப்புறம், ‘எங்கள் ஊரில் இதெல்லாம் கிடையாது’ என்று கடிதம் முழுக்க நாலைந்து இடத்தில் எழுதியிருந்தீர்கள். (சுருக்கும்போது அதை எடுத்துவிட்டேன்.) உங்கள் அப்பாரு, அதாவது தாத்தா, உயிரோடு இருந்தால் கேளுங்கள், 1987இல் கள்ளுக்குத் தடை வருவதற்கு முன்னால் சாயங்காலம் பனைமரத்தடியில் யார் யார் இருந்தார்கள் என்று. பொங்கலுக்குச் சேவக்கட்டில் பந்தயம் கட்டித் தோற்றவர்கள் கதையையும் சொல்வார். இதெல்லாம் சிரித்துக்கொண்டே கேட்கலாம். சிரிக்க முடியாததும் உண்டு. நம் கொங்கு நாட்டு டீக்கடைகளில் சிலருக்குக் கண்ணாடி டம்ளர், சிலருக்கு வேறு டம்ளர் என்று வைத்திருந்த ஊர்கள் எத்தனையோ. பெஞ்சில் யார் உட்காரலாம், யார் நின்றே குடிக்க வேண்டும் என்று எழுதாத சட்டம். விரதம் இருந்து, திருநீறு பூசி, பொய் பேசாத மனிதர்கள் அந்த பெஞ்சில் உட்கார்ந்துதான் டீ குடித்தார்கள். அவர்கள் கண்ணில் அது படவே இல்லை. தினம் பார்ப்பது எப்படிக் கண்ணில் படும்?

இதைச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. உங்கள் கடிதத்தை முதல் தடவை படித்தபோது ஹவுஸ் ஓனர் அம்மா பற்றிய பத்தியை நானும் சும்மா தாண்டிப் போய்விட்டேன். இரண்டாவது தடவைதான் நின்றேன். தெருவில் நடக்கும் அக்கிரமம் என்று ஒரு பட்டியல், நல்லது என்று ஒரே ஒரு வீடு. அந்த நல்லதுக்குச் சாட்சியாக நீங்கள் நிறுத்தியது ஐந்து மணிக்கு எழுந்து வாசல் தெளிக்கும் பதினோரு வயதுப் பிள்ளையை.

பட்டியலில் உள்ள மற்ற எதையும் விட இது பெரியது. பதினான்கு வயதுக்குக் கீழே இருக்கிற குழந்தையை வீட்டு வேலை உட்பட எந்த வேலைக்கும் வைக்கக் கூடாது என்பது குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016 திருத்தத்துக்குப் பிறகு சட்டம். மீறினால் ஆறு மாதம் முதல் இரண்டு வருடம் வரை சிறை, அல்லது 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். ‘எங்கள் பிள்ளை மாதிரி வளர்க்கிறோம்’ என்று சொல்வார்கள், அநேகமாக மனசாரவே சொல்வார்கள். வீட்டு வேலையைப் பொறுத்தவரை, சொந்தக் குடும்பத்துக்குப் பள்ளி நேரம் போகக் கூடமாட ஒத்தாசை செய்யும் பிள்ளைக்குத்தான் சட்டத்தில் விலக்கு. ஊர் விட்டு ஊர் கொண்டு வந்து, பள்ளிக்கு அனுப்பாமல், கார் துடைக்க வைப்பது அதில் வராது. ஆறிலிருந்து பதினான்கு வயது வரை படிப்பு அந்தப் பிள்ளையின் உரிமை.

உங்களைக் குறை சொல்ல எனக்கு முகம் இல்லை. 1983இல் எங்கள் வீட்டிலும் அப்படி ஒருத்தி இருந்தாள். எனக்கும் அவளுக்கும் ஒரே வயது. பள்ளிக்கூடம் விட்டு வந்து நான் டிபன் டப்பாவைத் திண்ணையில் வைப்பேன், அவள் எடுத்துப் போய்ச் சாம்பல் போட்டுத் தேய்ப்பாள். மீந்துபோன தயிர்சாதம் மூலையில் ஒட்டியிருந்தால் விரலால் வழித்துச் சாப்பிட்டுவிட்டுத் தேய்ப்பாள். அதை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் அம்மிச்சி விரதம் இருக்காத நாளே குறைவு. அந்த வீட்டில் யாரும் கெட்டவர்கள் இல்லை. நாங்களும் ‘ஒத்தாசைக்கு’ என்றுதான் சொல்வோம். உங்கள் கடிதத்தில் அந்த வார்த்தையைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

செய்ய வேண்டியது இது. ஹவுஸ் ஓனர் அம்மாவிடம் போய் நியாயம் பேசாதீர்கள்; மறுநாளே பிள்ளையை வேறு வீட்டுக்கு மாற்றிவிடுவார்கள், தேடினாலும் கிடைக்காது. பிள்ளையைத் தனியாக நிறுத்தி விசாரிக்கவும் வேண்டாம், அடி அதற்குத்தான் விழும். போட்டோ, வீடியோ வேண்டவே வேண்டாம். 1098க்குப் போன் செய்யுங்கள். குழந்தைகள் உதவி எண், இலவசம், எந்நேரமும் எடுப்பார்கள். உங்கள் பெயரை வெளியே சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளலாம். போன் வேண்டாம் என்றால் கலெக்டர் அலுவலகத்தில் மாவட்டக் குழந்தைப் பாதுகாப்பு அலகு இருக்கிறது, எழுதிக் கொடுக்கலாம். விசாரிக்க வருகிறவர்கள் பிள்ளையைக் குழந்தைகள் நலக் குழுவிடம் கூட்டிப் போவார்கள். வீட்டாரிடம் அனுப்புவதா, விடுதியில் சேர்த்துப் படிக்க வைப்பதா என்று அவர்கள் பார்த்து முடிவு செய்வார்கள்.

மாடி வீட்டுக்காரர்தான் சொல்லியிருப்பார் என்று அவர்கள் சந்தேகப்படலாம். வீட்டைக் காலி செய்யச் சொல்லலாம், அட்வான்ஸைத் தர இழுத்தடிக்கலாம். பிரதோஷப் பிரசாதம் நிச்சயம் நின்றுவிடும். அதனால் இன்னொரு ரூம் பார்த்து வைத்துக்கொள்வது நல்லது. ஊருக்குத் திரும்புவதா என்ற கேள்வியை அதன் பிறகு எடுத்துக்கொள்ளலாம். இந்த விஷயத்துக்குப் பூக் கேட்கப் போகாதீர்கள், நாள் போய்விடும்.

1098இல் முகவரி கேட்பார்கள், அது உங்களுக்குத் தெரியும். எத்தனை மணிக்கு வேலை செய்கிறது என்று கேட்பார்கள், அதையும் எழுதியிருக்கிறீர்கள். பிள்ளையின் பெயர் என்ன என்றும் கேட்பார்கள். அங்கிளின் வண்டி வந்து போகும் நிமிடம் வரை எழுதிய கடிதத்தில் அது மட்டும் இல்லை. பெயர் தெரியாது என்றே சொல்லுங்கள், பரவாயில்லை, தெரியாமலும் வருவார்கள்.